முறைத் தண்ணீர் தேதியையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றத்தைத் தடுக்க சாதாரண மக்கள் அன்றாடம் என்ன செய்யலாம் என்று நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கை அணைப்பது, துணிப்பை கொண்டுபோவது, மரம் நடுவது எல்லாம் சொல்லியிருந்தீர்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன்தான். எங்கள் ஊரில் நடவுக்கு வருகிற அக்காமாரின் கணக்கு அதைவிடவும் குறைவாகவே இருக்கும். அவர்களிடம் போய் விளக்கை அணையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிற எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை வயலிலேயே இருக்கிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சி, தண்ணீர் கட்டுவதைத்தான் சொல்கிறேன். வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. அந்த நிலையில் வளரும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். இடையிடையே வயலைக் காயவிட்டால் மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சப்படும். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பக்கவாட்டில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வயலில் பதித்துவிட்டு, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

சரி, இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? களை ஒரு காரணம். தண்ணீர் நிற்காத வயலில் களை கூடும், களையெடுக்கிற கூலி கையைக் கடிக்கும். அதைவிடப் பெரிய காரணத்தைக் கன்னடியன் கால்வாயின் கடைமடைக்கு வந்து கேட்டுப் பாருங்கள். “அண்ணாச்சி, வந்த தண்ணிய விட்டுட்டு அப்புறம் எங்க போய் நிக்கது?” என்பார்கள். அடுத்த முறைத் தண்ணீர், அதாவது மடை மடையாக முறைவைத்து விடுகிற தண்ணீர், என்றைக்கு வரும் என்று உறுதியாகத் தெரியாதவன், கிடைக்கும்போது வரப்பு தளும்பத் தேக்கி வைக்கத்தான் செய்வான். அவனைக் குறை சொல்வது நியாயமே இல்லை. நாளை மறுநாள் வயலின் வாமடைக்கு (தண்ணீர் நுழையும் வாய்க்கு) தண்ணீர் வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இன்று வயலைக் காயவிடத் துணிச்சல் வரும். வேளாண்மைத் துறையினர் செயல்விளக்கத் திடலைக் கால்வாயின் தலைப்பில், தண்ணீருக்குப் பஞ்சமில்லாத வயலில் போட்டுக் காட்டுவதால் யாருக்கும் பயனில்லை. கடைமடையில் போடட்டும். அங்கே விளைந்தால் ஊரே நம்பும்.

வானமும் முன்போல இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஊர் ஊராக வெள்ளம் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை இப்படி ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போனால், அணையில் பிடித்து வைத்த தண்ணீரை வைத்துத்தான் மீதி நாட்களை ஓட்டியாக வேண்டும். கார் பருவ நெல்லில் மிச்சம் பிடித்தால் அது அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு ஆகும். மண்ணுக்கு நல்லது என்று மட்டும் சொன்னால் எங்கள் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பிசானத்துக்கு ஆகும் என்றால் நின்று கேட்பார்கள்.

நீர்வளத்துறைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கார், பிசானம் இரண்டுக்கும் எந்த மடைக்கு எந்தத் தேதியில் தண்ணீர் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அறிவித்தபடி விடவும் வேண்டும். ஏதாவது காரணத்தால் தள்ளிப்போனால் அதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைகளின் மொத்த உயரத்தையும் அன்றைய நீர்மட்டத்தையும் போடுகிறீர்கள். விவசாயிகள் முதலில் படிப்பது அதைத்தான். அதற்குக் கீழேயே கால்வாய் வாரியாக முறைத் தண்ணீர் தேதிகளையும் போடுங்கள். நாலு வரி இடம் போதும். வருகிற பிசானத்திலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டாரம்