கொல்லிமலைக் கட்டுரையில் விடுபட்ட பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த கொல்லிமலைக் கட்டுரையை வாசித்தேன். வல்வில் ஓரி, அறப்பளீசுவரர், ஆகாய கங்கை, 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று கட்டுரையாளர் எதையும் விட்டுவைக்கவில்லை. பாப்டிஸ்ட் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டுக்கு இரண்டு வரி. அவருடைய மகன், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்டுக்கு ஒரு முழுப் பத்தி. ஈவ்லின் பிராண்டோ 'அவருடைய தாயார்' என்ற அளவில் முடிந்துபோனார், பெயர்கூட அச்சாகவில்லை. அந்த அம்மையார் கணவர் இறந்தபின் 45 ஆண்டுகள் வாழ்ந்தவர், அவற்றில் பெரும்பகுதியை நம் பக்கத்துச் சமவெளியிலும் மலைகளிலுமே கழித்தவர் என்பதால் இதை எழுதுகிறேன். நான் அவர்களுடைய சபையைச் சேர்ந்தவன் அல்ல, கிறிஸ்தவனும் அல்ல.

ஈவ்லின் 1879இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். நல்ல உடுப்பும் நல்ல வீடும் பழகிய பெண், முப்பது வயதைக் கடந்தபின் மிஷனரியாகச் சென்னைக்கு வந்து, 1913இல் ஜெஸ்ஸியை மணந்து, டோலியில் கொல்லிமலை ஏறினார். அந்த நாளில் மேலே செல்லச் சாலை கிடையாது. மலைக் காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் அங்கே தங்குவதே இல்லை. பாப்டிஸ்ட் பிரிவிலும் கறாரான 'ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட்' மிஷனைச் சேர்ந்தவர்கள் இருவரும். கணவர் போதகர், கொஞ்சம் வைத்தியம் கற்றவர், கூடவே தச்சர், கொத்தனார் எல்லாம். மனைவிக்கு எந்தப் பட்டமும் இல்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கும் நோயாளிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

அவர்கள் பார்த்த நோய்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய வாசகர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். நரம்புச்சிலந்தி. நூல் போன்ற ஒரு புழு, மூன்றடி நீளம் வரை வளரும். படிக்கிணற்று நீரில் கண்ணுக்கு எளிதில் படாத நீர்ப்பூச்சிகளுக்குள் அதன் குஞ்சுகள் இருக்கும். அந்த நீரைக் குடித்தவரின் உடலுக்குள் ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் கால் பக்கம் கொப்புளமாகக் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைத்ததும் புழு குஞ்சுகளை நீரில் கொட்டிவிடும். அப்புறம் அந்தக் கிணற்றில் குடிப்பவருக்கெல்லாம் அதே கதை. மருந்து கிடையாது. வெளியே எட்டிப் பார்க்கும் நுனியை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓரிரு அங்குலமாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்துப் பாதியில் அறுந்துபோனால் உள்ளே இருப்பது சீழ் பிடித்து, காலே வீணாகிவிடும். ஒரு புழுவை எடுத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அப்பா அப்படிக் குச்சியில் சுற்றுவதைச் சிறுவனாகப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பால் பிராண்ட் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

குச்சியில் சுற்றுவதோடு அவர்கள் நிற்கவில்லை. படியில் இறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் பழக்கம்தான் நோயின் வேர் என்று ஊர் ஊராகச் சொல்லி, குடிநீரில் யாரும் கால் வைக்காதபடி பார்த்துக்கொள்ளப் பாடுபட்டார்கள். கணவர் போன பிறகும் ஈவ்லின் இதை விடவில்லை. கொல்லிமலையை விட்டு அந்த நோய் ஓடியதில் அவர் பங்கு பெரிது. இந்தியா முழுவதும் நரம்புச்சிலந்தி ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

"மதம் மாற்ற வந்தவர்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், வேதம் சொல்லத்தான் வந்தார்கள், அதை ஒருநாளும் ஒளித்ததில்லை. ஆனால் வந்த பிறகு பல ஆண்டுகள் ஒருவர்கூட அவர்கள் பக்கம் சாயவில்லை. உள்ளூர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப்போர் முடிந்த கையோடு வந்த விஷக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. கஞ்சியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இவர்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் அதே காய்ச்சலில் படுத்தார்கள். உறவினர்கூட அண்ட அஞ்சிய வீட்டுக்குள் இவர்கள்தான் போனார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் குழந்தைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகே அங்கே ஒரு சபை உருவாகத் தொடங்கியது. இதை எப்படி எடைபோடுவது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

1923இல் மகனையும் மகளையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் தம்பதியர் மலைக்குத் திரும்பினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படி விட்டுவர எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பால் அதற்குப் பிறகு தன் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929இல் மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. இங்கிலாந்திலிருந்த பிள்ளைகளுக்குத் தந்தி முதலில் போய்விட்டது. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தன.

இத்தோடு கதை முடிந்திருந்தால் தங்கள் கட்டுரையின் இரண்டு வரியே போதும். ஒடிந்துபோய் இங்கிலாந்து சென்ற ஈவ்லின் மறுபடி வந்தார். மிஷன் அவரை மலைக்கு விடாமல் சமவெளியில் வேலைக்கு வைத்தது. 68 வயதில் ஓய்வும் கொடுத்தது. அவர் ஓய்வை வாங்கிக்கொண்டு மலை ஏறிவிட்டார்! சம்பளம் இல்லை, கேள்வி கேட்க மேலதிகாரி இல்லை. கையிலிருந்த சொற்பப் பணத்தில் ஒரு சின்ன வீடு, ஒரு மட்டக்குதிரை. மகன் அப்போது வேலூரில் பேராசிரியர். அங்கே போய் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். நானெல்லாம் 58 வயதில் பென்ஷன் கோப்பு நகர்ந்தவுடன் சாய்வு நாற்காலி வாங்கியவன். கொல்லிமலை போதாதென்று பச்சைமலைக்கும் கல்வராயன் மலைக்கும் குதிரையில் கிளம்பிய ஒரு கிழவியைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

குதிரையிலிருந்து விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கால்கள் ஒத்துழைக்க மறுத்தபோது இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்திருக்கிறார். இனியாவது கீழே வந்துவிடுங்கள் என்று மகன் மன்றாடியும் மசியவில்லை. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். லண்டனில் ஓவியம் படித்த, உடையழகு தெரிந்த பெண் அவர் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார். அவர் விரும்பியபடியே பெட்டி இல்லாமல், ஒரு பருத்தித் துணியில் சுற்றி மலை மண்ணில் புதைத்தார்கள்.

தனிமனிதராக அவர் சுலபமானவர் அல்ல என்றே தெரிகிறது. பிடிவாதக்காரர், யார் சொல்லையும் கேட்காதவர். மிஷன் அலுவலகத்துக்குப் பெரிய தலைவலியாக இருந்திருப்பார். அதையும் சேர்த்தே எழுத வேண்டும். தேவதையாக்கிவிட்டால் ஆளே காணாமல் போய்விடுவார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அவரைக் குழந்தைப் பருவத்தில் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது வயதாவது ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் அவரைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மகன் சொன்னவை. மலைவாழ் மக்கள் சொன்னதாக அதிகம் காணோம். செய்தியாளர் ஒருவரை வாழவந்தி நாட்டுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் அனுப்புங்கள். அந்த அம்மா பேசிய தமிழ் எப்படி இருந்தது, யார் வீட்டில் சாப்பிட்டார், எதற்காக யாரைத் திட்டினார் என்று கேட்கச் சொல்லுங்கள். முக்கியமாக, தொண்ணூறு வயதுக் கிழவியைக் குதிரையில் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் கூடவே நடந்த ஆட்கள் யார் யார் என்று விசாரிக்க வேண்டும். அவர்கள் பெயரும் இதுவரை எங்கும் அச்சாகி நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ராசிபுரம்.