லாரிக்கு இடப்பக்கம் வேண்டாம், அண்ணாச்சி

தென்காசி ரோட்டிலும் நாலுவழிச் சாலையிலும் பைக் ஓட்டும் அண்ணாச்சிமார், தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் லாரி ஓட்டுநர்கள் எழுதுவது.

முதலில் இடப்பக்கம். எங்கள் சீட் வலது ஓரத்தில், உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. இடது கதவை ஒட்டி நிற்கும் பைக், ஹெல்மெட்டோடு சேர்ந்து ஜன்னல் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். பம்பரை ஒட்டி முன்னால் நின்றாலும் அதே கதைதான். சைடு கண்ணாடியில் எங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களும் எங்களுக்குத் தெரியவில்லை.

இடது பக்கம் திரும்ப வேண்டிய டிரெய்லர் முதலில் வலப்பக்கம் விலகும். வழி விடுகிறான் என்று நினைத்துத்தான் பலர் அந்தச் சந்தில் நுழைகிறார்கள். விலகுவது பின்சக்கரத்துக்காக. முன்சக்கரம் போன தடத்தில் அது வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளம் கூடினால் வெட்டும் கூடும். திரும்பத் தொடங்கும்போது மூணு பைக் நிற்கிற அகலம், பாதித் திருப்பத்தில் ஒரு முழம்கூட மிஞ்சாது. இடது இன்டிகேட்டர் எரிந்தால் பின்னாலேயே நில்லுங்கள்.

இன்டிகேட்டரில் எங்கள் தப்பும் உண்டு. ‘முந்திப் போ’ என்று சொல்ல வலது இன்டிகேட்டர் போடுகிற பழக்கம் எங்களில் பலருக்கு. வலப்பக்கம் திரும்பவும் அதே விளக்குதான். எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி ஏறாதீர்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடும். எம்-சாண்ட் ஏற்றிய பத்துச் சக்கர டிப்பர் சுமார் 28 டன். மிதித்தபின் ஏர் பிரேக் பிடிக்க அரை நொடி ஆனாலே 8 மீட்டர் போச்சு. முந்தின கையோடு டீக்கடைக்கு ஒடிக்காதீர்கள்.

ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் மேல்காற்று, மேற்கிலிருந்து அடிக்கும். வடக்கே போகும் லாரியை முந்தும்போது லாரி காற்றை மறைக்கும். கேபினைத் தாண்டிய நொடியில் மொத்தக் காற்றும் இடப்பக்கமிருந்து அடித்து உங்களை நடுத்தடுப்புக்குத் தள்ளும். தெற்கே போனால் முந்தும்போதே லாரிமேல் சாய்க்கும். காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லரை அங்கே முந்தவே வேண்டாம்.

எங்கள் பங்குக்கு, ராத்திரி பஞ்சரானால் வண்டிக்குப் பின்னால் கல்லும் குழையும் வைக்கிற வழக்கத்தை விடுகிறோம். 50 மீட்டராவது தள்ளிச் சிவப்பு முக்கோணம் வைப்போம். வேறு வழியில்லாமல் கல் வைத்தால், கிளம்பும்போது எடுத்து ஓரம் போட்டுவிட்டே போவோம்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர்கள், திருநெல்வேலி