மகள் ஜேர்மன் படிக்கிறாள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஜேர்மனி ஹம் நகரத்து அம்மன் கோயில் திருவிழாப் படங்களை வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து பார்த்தோம். நீ வேட்டி சால்வையோடு நிற்கிறதைக் கண்டு அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. எனக்கு நாரி உளைவு கொஞ்சம் குறைவு. மற்றபடி வீட்டில் காலை முதல் இரவு வரை ஜேர்மன் பாசைதான்.

சின்னவளுக்குக் கலியாண எழுத்து முடிந்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை அங்கே, இவள் இங்கே. கணவனிடம் போய்ச் சேர விசா கேட்பவர்கள் ஜேர்மன் மொழியின் முதல் படியான ஏ1 சோதனையில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று 2007இல் ஜேர்மனி சட்டம் கொண்டுவந்ததல்லவா? அதற்குத்தான் இந்தப் படிப்பு. நூற்றுக்கு அறுபது புள்ளி எடுத்தால் போதும். எடுத்துவிடுவாள், அதில் எனக்குப் பயமில்லை. என் கவலை அவள் கையில் இருக்கிற பாடப் புத்தகத்தைப் பற்றியது.

பக்கம் பக்கமாக “இது மேசை, அது கதிரை”, “அப்பிள் சிவப்பு”, “என் மாமாவிடம் பழைய குடை இருக்கிறது”. கண் முன்னால் நிற்கிற மேசையை மேசை என்று யார் யாருக்குச் சொல்லப் போகிறார்கள்? ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்பது, இத்தனை காலம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு விளங்காமலில்லை. இன்றைக்கு ஆண்பால், பெண்பால், நாளைக்கு வேற்றுமை என்று இலக்கணத்தை வரிசையாக அடுக்கிவிட்டு, பிறகு அந்தந்தக் கட்டத்தை நிரப்பச் சொல் தேடுகிறார்கள். வாக்கியம் பிழையில்லாமல் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆளும் இருக்காது, கேட்க ஒரு ஆளும் இருக்காது.

இது பழைய வியாதி. ஹென்றி சுவீற் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் 1899இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். “குதிரைகள் புலிகளைவிட உயரமானவை”, “என் மகன்மார் பிரபுவின் கண்ணாடிகளை வாங்கினார்கள்” என்றெல்லாம் பாடப் புத்தகங்களில் வருவதை எடுத்துக் காட்டுகிறார். அவருக்குக் கிரேக்கம் படிப்பித்த வாத்தியார் ஒருவர், பயிற்சியில் வந்த சொற்களை மாற்றி மாற்றிக் கோத்து, கடைசியில் “தத்துவஞானி கோழியின் கீழ்த்தாடையைப் பிடித்து இழுத்தார்” என்றொரு வாக்கியம் செய்தாராம்.

இதைச் சொன்னதும் மகள் பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா அப்பா, விசித்திரமா இருந்தா மறக்காது. அவருக்கே மறக்கேல்லயே!” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுவீற் அங்கே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: படித்த கிரேக்கம் எல்லாம் மறந்துபோன பிறகும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் நினைவில் நின்றதாம். கோழி நின்றது, கிரேக்கம் போய்விட்டது. என் பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது.

சரி, நடைமுறைக்கு ஏற்ற புத்தகம் என்று விற்கிறார்களே, அவை மட்டும் திறமோ என்றால், அவற்றிலும் ஒரு குறை பார்க்கிறேன். “ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?” என்று கேட்கப் பழக்குகிறார்கள். கேட்டுவிடலாம். வருகிற மறுமொழி புத்தகத்தில் இருக்காது, மெதுவாகவும் வராது. நீ கேள்வியை எவ்வளவு வடிவாகக் கேட்கிறாயோ, அவ்வளவு வேகமாக அவன் பதில் சொல்வான்.

இங்கே பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒன்று பார்த்தேன். 2007 யூலைக்குப் பிறகு அரச வேலைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியைப் படித்துத் தேற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்ததல்லவா? அப்படித் தமிழ் படித்த ஒரு சிங்களத் தம்பி, மூதூர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு ஆச்சியிடம், “தாங்கள் எங்கே செல்கின்றீர்கள்?” என்று கேட்டான். எவ்வளவு மரியாதை! ஆச்சி உருகிப்போய், மகள் வீட்டுக்குப் போறதையும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விடாததையும் ஒரே மூச்சில் சொன்னா. அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. “மெல்லச் சொல்லுங்க ஆச்சி” என்ற மூன்று சொல்லை முதல் நாளே அவனுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கதை தொடர்ந்திருக்கும். அவ்வளவு ஆசையோடு படிக்க வந்த பிள்ளைக்கு அதைக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்னும் மனவருத்தம்.

அதனால் மகளுக்கு நான் முதலில் பாடமாக்கிக் கொடுத்தது “லங்சாமர், பிட்ட”, “நொஹ் ஐன்மால், பிட்ட” இரண்டும்தான். மெதுவாகச் சொல்லுங்கள், இன்னொரு தரம் சொல்லுங்கள். அப்புறம் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வது. ஏ1 சோதனையில் அதைக் கேட்கிறார்கள், நல்ல விசயம். எங்கள் பெயர்களின் நீளம் உனக்குத் தெரியும்தானே. நாங்கள் ஆங்கிலத்தில் ஈ என்று சொல்கிற எழுத்தை அவர்கள் ஏ என்கிறார்கள். எங்கள் ஐ அவர்களுக்கு ஈ. கவனிக்காவிட்டால் கந்தோரில் பெயரையே மாற்றிப் பதிந்துவிடுவார்கள். எண்களும் அப்படித்தான். இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று சொல்கிறார்கள். ரெலிபோன் இலக்கத்தை இரண்டிரண்டாகச் சொன்னால் இவள் 21ஐ 12 என்று எழுதி வைக்கிறாள். அதைத் தினமும் பின்னேரத்தில் பழக்குகிறேன்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ ஒரு சொல்லும் தெரியாமல் போய், ஹோட்டல் குசினியில் நின்று அந்த மொழியைப் பிடித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஒரு பத்து நிமிசம் ஜேர்மனில் கதை. பாவம் பிள்ளை என்று இரங்கி மெதுவாகக் கதைக்காதே. கடைக்காரனோடு கதைக்கிற அதே வேகத்தில் கதை. அவள் “லங்சாமர்” என்று சொன்னால் மட்டும் குறை. தமிழுக்கு மாறவே வேண்டாம். நீ முதல் கிழமையில் எந்த வாக்கியம் தெரியாமல் அந்தரப்பட்டாய் என்பதையும் எழுது. அதையும் அவளுக்குப் பழக்கிவிடுகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. நீ கேட்ட கருவாடு காய்கிறது, மாப்பிள்ளை வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்.