தியானம் கற்பிப்பவர் முதலில் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் தியான ஆசிரியர்கள் மூவர் பௌத்தப் பயிற்சி குறித்து உரையாடியதை இருமுறை படித்தேன். மூச்சைக் கவனிப்பது, உடலில் எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது, அன்றாட வேலைகளுக்கு நடுவே விழிப்போடு இருப்பது ஆகியவற்றை மூவரும் நல்ல தமிழில், பயிற்சி இல்லாதவருக்கும் புரியும்படி விளக்கியிருந்தார்கள். ஆனால் அத்தனை நீண்ட உரையாடலில், மாணவர் தமக்குள் நேர்வதை ஆசிரியரிடம் எப்படிச் சொல்கிறார், அதைக் கேட்ட ஆசிரியர் பயிற்சியை எப்படித் திருத்தித் தருகிறார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பௌத்த மரபில் தியானம் கற்பிப்பது என்பதே பெரும்பகுதி இந்தக் கேட்டறிதல்தான் என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வரும் சோணரின் கதையைத் தியான வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். செல்வக் குடியில் பிறந்து துறவியான சோணர், இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் கடுமையாக முயன்றும் பலன் காணாமல், வீட்டுக்கே திரும்பி அறம் செய்து வாழலாமா என்று எண்ணத் தொடங்கிய வேளையில் புத்தர் அவரைத் தேடி வந்தார். வீணையின் நரம்பு அளவுக்கு மீறி முறுக்கப்பட்டாலும் இசை வராது, தளர்ந்து கிடந்தாலும் வராது என்ற உவமை அங்கேதான் பிறக்கிறது. உவமையைச் சொல்லும் பலரும் அதன் முற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். புத்தர் வந்ததும் அறிவுரை தொடங்கவில்லை. உன் மனத்தில் இன்ன எண்ணம் எழுந்ததா என்று கேட்டார். இல்லறத்தில் இருந்தபோது வீணை வாசிப்பதில் தேர்ந்தவனாக இருந்தாய் அல்லவா என்று கேட்டார். நரம்பு இறுகியிருந்தபோது இசை எப்படி இருந்தது, தளர்ந்திருந்தபோது எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடையைச் சோணரின் வாயிலிருந்தே வரவழைத்த பிறகுதான் முயற்சியைச் சமன் செய்துகொள்ளச் சொன்னார். வீணை வாசிக்காத வேறொரு பிக்குவிடம் இந்த உவமையைச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகமே.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நூல்களில் மறைக்கப்படாமல் பதிவாகியிருக்கிறது. அதே போன்ற தொகுப்பான சம்யுத்த நிகாயத்திலும், துறவியர் ஒழுங்கு நூலான விநய பிடகத்திலும் அது வருகிறது. வைசாலியின் மகாவனத்தில் இருந்தபோது, உடலின் அசுபத் தன்மையை, அதாவது அருவருப்பான இயல்பை, தியானிப்பதைப் பிக்குகளுக்குப் பலவாறு புகழ்ந்து போதித்த புத்தர், உணவு கொண்டு வருபவரைத் தவிர வேறு யாரும் தம்மை அணுக வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரை மாதம் தனிமையில் இருந்தார். அந்த அரை மாதத்தில் அந்தத் தியானத்தில் ஆழ்ந்த பிக்குகள் பலர் தம் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தனிமை முடிந்து வெளியே வந்தவர், பிக்கு சங்கம் ஏன் இப்படி மெலிந்து காணப்படுகிறது என்று ஆனந்தரைக் கேட்டார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறு முறை ஒன்றைக் கற்பித்தருளுமாறு வேண்டினார். வைசாலியைச் சுற்றியிருந்த பிக்குகளையெல்லாம் கூட்டி வைத்துப் புத்தர் அப்போது போதித்ததுதான், இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆனாபானசதி என்னும் மூச்சுக் கவனம். உரையாசிரியர்கள் இந்தச் சாவுகளுக்கு முன்வினையைக் காரணம் காட்டுகிறார்கள். என்னால் அதோடு நின்றுவிட முடியவில்லை. பயிற்சி நடந்துகொண்டிருந்தது, ஆசிரியரை அணுக வழி இல்லாமல் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நூல் நமக்குச் சொல்கிறது.

இந்த மரபைத் தமிழ் மண்ணோடு இணைக்கும் ஒருவர், பாலி நூல்களுக்கு உரை எழுதிய புத்தகோசர். காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரருடன், மூத்த துறவியுடன், முன்பு வாழ்ந்ததை அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார். அவர் இலங்கையில் இயற்றிய விசுத்திமக்கம் 40 தியானப் பொருள்களையும் ஆறு வகை மனப்பாங்குகளையும் வகுத்து, இன்ன இயல்புடையவருக்கு இன்ன தியானம் பொருந்தும் என்று நிர்ணயிக்கிறது. மாணவரின் இயல்பை ஆசிரியர் எப்படி அறிவது என்பதற்கு அந்நூல் தரும் குறிப்புகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். துடைப்பத்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்கிறார் புத்தகோசர். ஆசை மிகுந்தவர் அவசரமின்றி, மணலைச் சிதறடிக்காமல், சீராகப் பெருக்குவார். சினம் மிகுந்தவர் துடைப்பத்தை இறுகப் பற்றிக்கொண்டு, பரபரப்பாக, இருபுறமும் மணலை வாரி இறைத்துக் கரகரவென்று பெருக்குவார். மயக்கம் மிகுந்தவர் துடைப்பத்தைத் தளர்வாகப் பிடித்துப் புழுதியைக் கிளறிவிடுவார், இடமும் சுத்தமாகாது. நடை, படுக்கை, உணவு என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. இந்த வகைப்பாட்டை இன்று அப்படியே ஏற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முற்றம் பெருக்கும் மாணவரைத் தூரத்தில் நின்று கவனிக்கும் அளவுக்கு ஒரு ஆசிரியருக்குப் பொறுமையும் நேரமும் இருந்தாக வேண்டும் என்று அந்த மரபு எதிர்பார்த்தது என்பதைக் காட்டவே சொல்கிறேன். தியானப் பொருளைத் தருபவரை அந்நூல் கல்யாணமித்திரர், நல்ல நண்பர், என்றே அழைக்கிறது.

இன்று இந்தியாவிலும் மேலை நாடுகளிலும் பரவலாகப் பயிலப்படும் விபாசனா என்னும் உள்நோக்குத் தியான முறைகள் பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தவை. அங்கே 20-ஆம் நூற்றாண்டில் இல்லறத்தாரும் திரளாகத் தியானம் பயிலத் தொடங்கியபோது, இந்தக் கேட்டறிதல் கைவிடப்படவில்லை, இன்னும் செம்மையாக்கப்பட்டது. 1949 முதல் இரங்கூனில் கற்பித்த மகாசி சயாடோ என்ற துறவியின் முறையில், வயிறு எழுவதையும் அமிழ்வதையும் மனத்துக்குள் குறித்துக்கொண்டே கவனிக்க வேண்டும். பிறகு ஆசிரியர் முன் அமர்ந்து அறிக்கை தர வேண்டும். ‘இன்று மனம் அமைதியாக இருந்தது’ என்று மாணவர் சொன்னால் அது அறிக்கை ஆகாது. என்ன தோன்றியது, அதை எப்படிக் குறித்தீர்கள், குறித்த பின் அதற்கு என்ன ஆயிற்று என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். முழங்காலில் வலி எழுந்தது என்றால், அந்த வலி குத்தியதா, எரிந்ததா, இறுக்கியதா, கவனித்தபோது கூடியதா, இடம் மாறியதா, மறைந்ததா என்பதுவரை கேட்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சந்திப்புக்காக மாணவர் நாள் முழுதும் தம்மைக் கூர்ந்து பார்க்கப் பழகிவிடுகிறார்.

அதே மரபில் இரங்கூனில் பயின்று, பின்னர் கல்கத்தாவில் சிறு குடியிருப்பில் வாழ்ந்த தீபா மா (1911–1989), தம்மிடம் வந்த பெண்களை முகாமுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அறிந்து, கைக்குழந்தை உள்ளவரிடம் குழந்தை பால் குடிக்கும்போது எழும் உணர்வையே கவனிக்கச் சொன்னார். பின்னாளில் அமெரிக்காவில் பெரிய தியான மையங்களை நடத்தியவர்கள் அந்தச் சிறு வீட்டின் தரையில் வந்து அமர்ந்து அவரிடம் பயின்றிருக்கிறார்கள்.

சத்ய நாராயண் கோயங்காவின் தொடக்கமும் ஒரு ஆசிரியரின் கேள்வியில்தான் இருக்கிறது. மாண்டலேயில் 1924-இல் பிறந்த அந்த வணிகர், தாங்க முடியாத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் ஊ பா கின்னிடம் சென்றார். பர்மாவின் தலைமைக் கணக்காயராகப் பதவி வகித்தபடியே தியானம் கற்பித்தவர் ஊ பா கின். தலைவலிக்காக என்றால் உங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன், புத்தர் போதித்த தம்மத்தை ஒரு மருந்தாக மட்டும் கருதினால் அதன் மதிப்பைக் குறைப்பதாகும் என்று அவர் சொன்னதைக் கோயங்காவே பல உரைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வந்தவர் எதற்காக வந்தார் என்று கேட்டு, நோக்கம் சரியில்லை என்றால் திருப்பியனுப்பவும் தயங்காத ஆசிரியர் அவர். மன அழுத்தம் குறையும், வேலைத்திறன் கூடும் என்று நிறுவன ஊழியர்களுக்குத் தியானம் விற்கப்படும் இக்காலத்தில் இந்த நிகழ்ச்சியை ஒவ்வொரு ஆசிரியரும் நினைவில் வைக்க வேண்டும்.

1969-இல் இந்தியாவுக்கு வந்த கோயங்கா, கட்டணம் வாங்காமல், சாதி மதம் பாராமல், லட்சக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சியைக் கொண்டுசேர்த்தார். அவர் வழியில்தான் நானும் கண்மூடி அமரக் கற்றேன். அந்த நன்றி எனக்குக் குறையவே குறையாது. ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க நெறிகளை, ஏற்றுத் தொடங்கி, மூன்று நாள் மூச்சைக் கவனித்து, நான்காம் நாள் உடல் உணர்ச்சிகளுக்குச் செல்லும் அந்தப் பத்து நாள் ஒழுங்கு மிகக் கவனமாக அமைக்கப்பட்டது. அவர் 2013-இல் மறைந்த பிறகும் போதனை அவருடைய பதிவு செய்யப்பட்ட குரலிலேயே தொடர்கிறது. நண்பகலில் உதவி ஆசிரியரைத் தனியே சந்தித்துக் கேட்க வாய்ப்பும் தருகிறார்கள். ஆனால் கூடம் நிறைந்த முகாமில், கேட்கத் துணிந்து பெயர் கொடுப்பவருக்கு மட்டும் கிடைக்கும் சில நிமிடங்கள் போதுமா என்ற கேள்வியை, அந்த முறையை நேசிப்பவர்களே எழுப்பியாக வேண்டும்.

ஒரு தியான மையத்தில் உதவிப் பணி செய்த காலத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மையத்தின் பெயரும் மரபும் இங்கே முக்கியமல்ல. உணவுக்குப் பிறகு எல்லாரும் தட்டைக் கழுவி அடுக்கிவிட்டுப் போன பின்பும் ஒரு இளைஞர் குழாயடியில் நின்று ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிரம்பி வழிந்து அவர் காலை நனைத்தது. அவர் அதை உணரவில்லை. கண்கள் சிவந்திருந்தன. அவருக்குக் கிடைத்த அறிவுரை, வருவதையெல்லாம் சமநிலையோடு கவனியுங்கள் என்பது. தவறான அறிவுரை அல்ல அது, எல்லாருக்கும் சொல்லப்படுவது. ஆனால் தூங்கினீர்களா என்று யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. அவர் பல இரவுகளாகத் தூங்கவே இல்லை என்பது, அவருடைய அண்ணன் வந்து அழைத்துச் சென்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இது அரிதாக நடப்பது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பௌத்த தியானம் பயிலும் மேலை நாட்டவர் பலரைச் சந்தித்து, அச்சம், தூக்கமின்மை, தம் உடலே தம்முடையது அல்ல என்பது போன்ற உணர்வு எனப் பலவற்றைப் பதிவு செய்தார்கள். இடர்ப்பாடுகளைச் சந்தித்தவர்களைத் தேடித் தேர்ந்து நடத்திய ஆய்வு என்பதால், நூற்றில் எத்தனை பேருக்கு இப்படி நேரும் என்பதை அதிலிருந்து கணக்கிட முடியாது. ஆனால் நேரும் என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது. பழைய ஆசிரியர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது. விபாசனாவில் படிப்படியாக எழும் ஞானங்களின் வரிசையில் அச்சமும் வெறுப்பும் தோன்றும் நிலைகளை விசுத்திமக்கமே விரிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த நிலைகளில் மாணவரோடு பேச ஒரு அனுபவசாலி அருகில் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பாதை வகுக்கப்பட்டது. கைப்பேசிச் செயலியில் ஒலிக்கும் இனிய குரலால் தினமும் பத்து நிமிடம் அமர ஒருவரைப் பழக்க முடியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அழுகை பொங்கி வரும் நாளில் அந்தக் குரல் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லும்.

ஆசிரியர்கள் மாணவரைக் கேட்பது போலவே ஒருவரையொருவரும் கேட்க வேண்டும். தங்கள் இணைப்பில் உரையாடிய மூவரும் எல்லா வழிகளும் ஒன்றே என்று பலமுறை சொன்னார்கள். மகாசி முறை 1950-களில் இலங்கைக்கு வந்து, கந்துபொடையில் அதற்கென ஒரு மையம் அமைந்தபோது, கொழும்பின் வஜிராராம மடத்தைச் சேர்ந்த கற்றறிந்த பிக்குகள் அதை வெளிப்படையாக மறுத்தார்கள். வயிற்றின் அசைவைக் கவனிக்கச் சொல்ல சூத்திரங்களில் ஆதாரம் எங்கே, மன ஒருமையைப் போதிய அளவு வளர்க்காமல் நேரே விபாசனாவுக்குச் செல்லலாமா என்று கேட்டார்கள். அது காற்றுத் தாதுவை, உடலில் அசைவாக உணரப்படும் மூலப்பொருளை, கவனிக்கும் பயிற்சியே, கணந்தோறும் கூடும் ஒருமையே அதற்குப் போதும் என்று பர்மியத் தரப்பினர் நூல்களைக் காட்டி விடை சொன்னார்கள். வாதம் கடுமையாகவே நடந்தது. ஆயினும் எந்த முறை யாருக்கு, எந்த முன்தயாரிப்போடு, எந்த ஆபத்தோடு என்பது அதனால் பயில வந்தவர்களுக்குத் தெளிவாயிற்று. வேற்றுமைகளை மறைத்த இணக்கத்தைவிட அந்த வாதம் மாணவருக்கு அதிகம் பயன்பட்டது என்றே நினைக்கிறேன்.

இந்த வரிசை தொடரும் என்று தாங்கள் அறிவித்திருப்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் ஆசிரியர்களிடம், ஒரு முகாமில் எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், ஒவ்வொருவரோடும் தனியே பேசுகிறீர்களா, அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகக் கேட்பீர்களா, யாரைச் சேர்க்க மறுத்திருக்கிறீர்கள், பயிற்சியை நடுவில் நிறுத்தச் சொன்னதுண்டா, மனநல மருத்துவரிடம் யாரையேனும் அனுப்பியதுண்டா, உங்களுக்கு ஐயம் வந்தால் நீங்கள் எந்த ஆசிரியரிடம் போய்க் கேட்கிறீர்கள் என்பவற்றையும் தங்கள் செய்தியாளர் கேட்டு, விடைகளைச் சுருக்காமல் வெளியிட வேண்டும். முதல்முறையாக முகாமுக்குப் பெயர் கொடுக்க எண்ணும் வாசகர்கள், எங்கே சேருவது என்பதை அந்த விடைகளைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காஞ்சிபுரம்.