இரவுச் சாப்பாட்டை நிறுத்திய தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று போனில் நீ சொன்ன இரண்டு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. மூன்று மாதத்தில் 7 கிலோ ஏறிவிட்டது என்று, மனச்சோர்வுக்கு டாக்டர் தந்த மிர்டாசபின் மாத்திரையை நீயாகவே நிறுத்திவிட்டாய். இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வெள்ளரிக்காயும் கிரீன் டீயுமாக ஓட்டுகிறாய்.

மாத்திரை விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். அது பசியைக் கிளறும் என்பது உண்மைதான், உன் கற்பனை இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும், விலகிக்கொண்டிருந்த சோர்வு திரும்பவும் வந்து உட்காரும். டாக்டரிடம் போய், "எடை ஏறுது, வேற மாத்திரை இருக்கா?" என்று கேள். எடையை அவ்வளவாக ஏற்றாதவையும் இருக்கின்றன. அப்படியே தைராய்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொல். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை ஏறும், மனமும் மந்தமாகும்.

இனி பட்டினி. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். தாங்களாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள். 24 வாரத்துக்கு, அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிதான், நாளுக்குச் சுமார் 1570 கலோரி. எடை கால் பங்கு குறைந்தது. கூடவே சிரிப்பும் போனது, எரிச்சல் வந்தது, பலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு; சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்! மனசு நன்றாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி. நீ ஏற்கெனவே சோர்ந்திருக்கிறாய். நம் ஊரில் பெண்களுக்கு எழுதித் தரும் டயட் சார்ட்டுகளில் பல 1200 கலோரியில் நிற்கின்றன என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மாறாக இதைக் கேள். ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா குழு, மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்டது. ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை: காய்கறி, பருப்பு வகை, முழுதானியம், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய். இன்னொரு பாதிக்குப் பேச்சுத்துணை மட்டும். 12 வாரம் கழித்து, உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் விலகியிருந்தது. மற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான், மருந்துக்குப் பதில் என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது வேறு. அவர்களைக் கலோரி எண்ணச் சொல்லவே இல்லை. எடையும் பெரிதாக மாறவில்லை, ஆனாலும் மனம் தேறியது.

அதனால் எடைமெஷினைக் கொஞ்ச நாள் பரணில் போடு. முதலில் மனசு, அப்புறம் கிலோ.

என் கதை உனக்குத் தெரியும். சின்னவன் பிறந்த பிறகு ஒரு வெங்காயம் நறுக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேன். பகலெல்லாம் பட்டினி, சாயங்காலம் நாலரைக்கு மிக்சர் டப்பாவை நின்றுகொண்டே காலி செய்வேன். "இவ சாப்பிடுறதே இல்ல, எப்படித்தான் ஊதிட்டாளோ" என்று அத்தை சொல்வார். எனக்கு உதவியது ஒரே ஒரு மாற்றம்தான். மூன்று மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது இரண்டு அவித்த முட்டை. நாலரை மணிப் பசி பாதியாகிவிட்டது. கடலையை முதல்நாள் ராத்திரி ஊறப்போட முடியாத நாட்களில் வெறும் வேர்க்கடலை.

சமைக்கத் தெம்பில்லாத நாளுக்குக் குக்கரில் அரிசி, பருப்பு, கையில் கிடைத்த காய், எல்லாம் ஒன்றாக. அரிசி ஒரு பங்கென்றால் பருப்பும் ஒரு பங்கு. இரவும் அதையே சாப்பிடு, ஆனால் சாப்பிடு. தட்டைப் பார்த்து யாராவது கமெண்ட் அடித்தால் போனை என்னிடம் கொடு.

ராத்திரியில் எண்ணம் தப்பாகப் போனால் எனக்குக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நானும் வருகிறேன். வரும் வழியில் மத்தி கிடைத்தால் அரைக் கிலோ வாங்கிவருகிறேன். கழுவுவதெல்லாம் நான், நீ புளியை மட்டும் ஊறப்போட்டு வை.

அன்புடன்,
அக்கா