கார் ஷேப் கட்டில் இருக்கட்டும், தடுப்போட உயரம் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல குழந்தைங்க ரூமை அலங்கரிக்கிறது பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, கார் மாதிரி கட்டில், கோட்டை மாதிரி கட்டில், சறுக்குமரம் வச்ச பங்க் பெட்டு (ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தட்டு இருக்கற கட்டில்)ன்னு படமெல்லாம் சூப்பர். ஆனா கிரிப்பை, அதாவது சுத்தி கம்பி அடைச்ச கைக்குழந்தைக் கட்டிலை விட்டு முதல் தடவையா கட்டிலுக்கு மாறப்போற 2, 3 வயசு குழந்தைக்கு எதைப் பாத்து வாங்கணும்னு ஒரு வரிகூட இல்ல. அதான் எழுதறேன்.

முதல்ல, பக்கத்துல இருக்கற அந்த தடுப்பு. கடையில பாக்கும்போது நல்ல உயரமாதான் தெரியும், ஏன்னா அங்க போட்டு வச்சிருக்கறது 4 இன்ச் மெத்தையா இருக்கும், சில இடத்துல மெத்தையே இருக்காது. நாம என்ன பண்றோம், புள்ள சொகுசா தூங்கட்டும்னு 8 இன்ச் மெத்தையா எடுத்துட்டு வந்து அதுல போடறோம். பலகையில இருந்து 10 இன்ச் இருக்கற தடுப்பு இப்ப மெத்தைக்கு மேல வெறும் 2 இன்ச். தூக்கத்துல உருண்டு வர்ற புள்ளைய அது எங்க நிறுத்தப்போகுது? அமெரிக்காவுல பங்க் பெட்டுக்கு இருக்கற விதி, கம்பெனி சொல்ற அதிகபட்ச தடிமன் மெத்தையைப் போட்ட பிறகும் தடுப்பு குறைஞ்சது 5 இன்ச் மேல நிக்கணும்னு சொல்லுது. நம்ம வாங்கறது பங்க் பெட் இல்லன்னாலும் இந்த 5 இன்ச் கணக்கு நல்ல கணக்கு. அதனால கட்டிலையும் மெத்தையையும் தனித்தனியா செலக்ட் பண்ணாதீங்க, கைல டேப் எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும்.

அடுத்தது இடுக்கு. இது இன்னும் மோசம், ஏன்னா விழுந்தா சத்தம் கேக்கும், மாட்டிக்கிட்டா கேக்காது. சின்ன குழந்தைக்கு உடம்பு நுழையற சந்துல தலை நுழையாது, காலை விட்டு அப்படியே சறுக்கி இறங்கும்போது கழுத்துகிட்ட சிக்கிரும். அதனாலதான் தடுப்புக்கும் கட்டிலோட சட்டத்துக்கும் நடுவுல வர்ற இடைவெளி 3.5 இன்ச்சுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல சந்தே தெரியாத அளவுக்கு டைட்டா உக்காரணும். தனியா வாங்கி மாட்டற பெட் ரெயில் இருக்கே, அது 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும்னுதான் செய்யறாங்க, அதுவும் மெத்தையோட ஒட்டி நிக்கணும், கைய வச்சு தள்ளினா விலகுதுன்னா அது இருக்கறதைவிட இல்லாம இருக்கறதே மேல். சுவத்தை ஒட்டி கட்டிலைப் போடறவங்க அந்தப் பக்கத்தையும் பாருங்க, கட்டில் நாளாக ஆக நகரும், சுவத்துப் பக்கம் ஒரு சந்து விழும், யாரும் கவனிக்க மாட்டாங்க.

பங்க் பெட் படம் போட்டீங்களே, மேல்தட்டு 6 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு வேண்டவே வேண்டாம்னு எல்லா பாதுகாப்பு அறிவுரையிலயும் இருக்கு, அதை ஒரு வரி போட்டிருக்கலாம். அண்ணனோ அக்காவோ மேல தூங்கினா குட்டி சும்மா இருக்குமா, ஏணி கழட்டற மாதிரி இருந்தா பகல்ல கழட்டி வச்சிருங்க.

எப்ப மாத்தறதுன்னு கேட்டா, குழந்தை 35 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 89 செ.மீ. உயரம் வந்துருச்சுன்னாலோ, இல்ல கிரிப்பு மேல கால தூக்கிப்போட ஆரம்பிச்சாலோ மாத்திரணும். மத்தபடி அவசரமே இல்ல, சிலர் ஒன்றரை வயசுல மாறுவாங்க, சிலர் மூன்றரை வயசு வரைக்கும் கிரிப்லயே நிம்மதியா தூங்குவாங்க. அடுத்த குழந்தை வரப்போகுதுன்னு கடைசி வாரத்துல பெரியவனை கிரிப்ல இருந்து கிளப்பாதீங்க, அவனைப் பொறுத்தவரைக்கும் அது அவன் இடத்தைப் புடுங்கிக் குடுத்த கதை. ஒண்ணா, குட்டி வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே மாத்துங்க, இல்ல குட்டி வந்து எல்லாம் செட்டில் ஆனப்புறம் மாத்துங்க.

டாட்லர் பெட்டுன்னு சின்ன சைஸ்ல விக்கறாங்க. கிரிப் மெத்தையே அதுல சேரும், அது ஒரு லாபம். ஆனா பொதுவா 22 கிலோ வரைக்கும்தான் தாங்கும், அப்புறம் மறுபடி கடைக்குப் போகணும். என் அபிப்ராயத்துல தாழ்வான ஒரு சிங்கிள் கட்டில் வாங்கி தடுப்பு மாட்டறதுதான் புத்திசாலித்தனம். எவ்வளவு தாழ்வுன்னா, குழந்தை ஓரத்துல உக்காந்தா கால் நுனியாவது தரையில படணும். மெத்தையை வெறும் தரையில போடறதும் தப்பில்ல, ஆனா அடிப்பக்கம் காத்து போகாம ஈரம் புடிச்சு பூஞ்சை வரும், அப்பப்ப தூக்கி நிறுத்தி காய வைக்கணும்.

மெத்தைக்கு வருவோம். பெரியவங்க உக்காந்து பாத்துட்டு ஆஹான்னு சொல்ற மெத்தை குழந்தைக்குப் பெரும்பாலும் சரிப்படாது. உள்ளங்கைய நல்லா அமுக்கி எடுங்க, குழி உடனே எழும்பணும், கை அச்சு அப்படியே நிக்குதுன்னா அது வேண்டாம். ஓரத்தையும் அமுக்கிப் பாருங்க, ஓரம் சரியற மெத்தையில புள்ள தூக்கத்துல ஓரத்துக்கு வந்தா நேரா கீழதான். ஃபோமா, லேட்டக்ஸா, நாராங்கறது ரெண்டாம் பட்சம். புது ஃபோம் வாடை அடிச்சா ஜன்னலைத் திறந்து வச்சு சில நாள் ஆற விட்டுட்டுப் போடுங்க.

ராத்திரி ஈரம் பண்றது இன்னும் கொஞ்ச காலம் ஓடத்தான் செய்யும். மொறுமொறுன்னு சத்தம் போடற பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்து ஊத்தும், மெல்லிசான வாட்டர் ப்ரூஃப் ப்ரொடெக்டர் போதும். அதையும் ரெண்டா வாங்கி, ப்ரொடெக்டர், மேல பெட்ஷீட், திரும்ப ப்ரொடெக்டர், திரும்ப பெட்ஷீட்டுன்னு அடுக்கி வச்சா நடுராத்திரி மேல இருக்கற ஜோடியை உருவிப் போட்டுட்டு தூங்கப் போயிரலாம், லைட் கூட போட வேண்டியதில்ல.

இன்னொண்ணு, கட்டிலுக்கு மாறின அன்னிக்கே புள்ள தானா எந்திரிச்சு நடக்கும், நாம தூங்கும்போதும். பீரோ, புக் ஷெல்ஃப் எல்லாத்தையும் சுவத்தோட சேத்து ஸ்க்ரூ போட்டு புடிச்சிருங்க, டிராயரைப் படியா வச்சு ஏறும்போதுதான் அப்படியே மேல சாயும். ஜன்னல் பக்கத்துல கட்டில் வேண்டாம், தொங்கற பிளைண்ட்ஸ் கயிறும் கைக்கு எட்டக்கூடாது.

கட்டில் செய்யற கம்பெனிக்காரங்களுக்கும் உங்க பேப்பர் வழியா ஒரு வேண்டுகோள். மெத்தை இந்த உயரத்தைத் தாண்டக்கூடாதுன்னு சில பங்க் பெட்ல உள்பக்கம் ஒரு கோடு போட்டிருக்காங்க. தடுப்பு வச்ச எல்லா குழந்தைக் கட்டில்லயும் அந்த கோட்டைப் போடுங்க, பெருசா ஒண்ணும் செலவாகாது. நீங்களும் அடுத்த தடவை கட்டில் படம் போடும்போது கீழ தடுப்போட உயரத்தையும் எத்தனை இன்ச் மெத்தைங்கறதையும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி