காலையில் ஐந்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலி வீதியில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், ஆறிப்போன றோல்ஸ் இரண்டை வாங்கிக்கொண்டு அலுவலகம் செல்லும் என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு முட்டைப்பொரியல், அதாவது ஒம்லெட், போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு முட்டையிலேயே ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது.

சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் முதல்நாள் இரவே அரிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். பலரும் விடும் பிழை, தாச்சியில் புகை கிளம்பும்வரை எண்ணெயைக் காயவிட்டு முட்டையை ஊற்றுவதுதான். வெள்ளைக்கரு 62 பாகை செல்சியஸ் அளவிலேயே இறுகத் தொடங்குவதால், அத்தனை சூட்டில் அடிப்பக்கம் தோல்போலக் கருக, நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடுகிறது. மிதமான நெருப்பில், இறுகும் ஓரங்களைத் தட்டகப்பையால் உள்ளே தள்ளி, மேலே நிற்கும் முட்டைக் கலவையை அந்த இடத்துக்கு ஓடவிட்டால் சீராக வேகும். மாசித்தூள் சேர்ப்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

பாண் துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தமான தாளில் சுற்றி எடுத்துச் செல்லலாம். உங்கள் பத்திரிகைத் தாளில் மட்டும் வேண்டாம்; அச்சு மை உணவில் ஒட்டிவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06